குளத்து மீன் ஏன் சாகிறது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மீனைப் பற்றிய விஷயம். மீனைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது, அது குழம்பு வைக்கிறவர்களுக்கல்லவா தெரியும் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் கோடை வந்தால் ஒவ்வோர் ஆண்டும் நம் நாட்டில் ஏதாவது ஓர் ஊரில், ஏரியிலோ கண்மாயிலோ கோயில் தெப்பக்குளத்திலோ, விடிந்து பார்க்கும்போது மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. அன்றைக்கு அந்த ஊரில் என்ன நடக்கின்றது என்பதைத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். அம்மனுக்குக் கோபம் என்று ஒரு கூட்டம் சொல்லும். மீன் பாட்டம் எடுத்தவன் மேல் கண்பட்டுவிட்டது என்று இன்னொரு கூட்டம் சொல்லும். கொஞ்சம் படித்தவர்கள் வந்து, அதெல்லாம் ஒன்றுமில்லை, எவனோ விஷம் வைத்துவிட்டான் என்பார்கள்.

இந்த மூன்றில் அதிகக் கெடுதி செய்வது மூன்றாவதுதான். அம்மன் கோபம் என்றால் ஒரு பொங்கலோடு போய்விடும். விஷம் என்றால், வைத்தவன் யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால், ஊரில் எந்தத் தெருவாருக்குக் கேட்பார் இல்லையோ, அந்தத் தெருப் பையன் ஒருவன் முந்தின நாள் மாலையில் குளக்கரையில் நின்றதைக் கண்ணால் கண்டேன் என்று சொல்ல ஒரு சாட்சியும் வந்துவிடுவான். மீன் சாவது குளத்தில். அடி விழுவது சேரியில். ஆகவேதான் இந்த மீன் விஷயம் நமக்குச் சமையலறை விஷயமாக மட்டும் படவில்லை.

அம்மனைச் சொல்லுகிறவர்களும் சரி, விஷத்தைச் சொல்லுகிறவர்களும் சரி, எல்லோரும் ஒரு சாவுக்கு ஒரே ஒரு கர்த்தாவைத் தேடுகின்றார்கள். ஆனால் மீனின் உடலுக்குள் நடக்கும் வரவு செலவைப் பார்த்தால், கொன்றவன் என்று ஒருவனை மட்டும் கைகாட்ட முடியாதபடி ஒரு மீன் சாகலாம் என்று தெரிய வரும்.

ஒரு கூலிக்காரத் தோழரின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரும்படி ஒன்று. அதில் வீட்டு வாடகை, அரிசி, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, வைத்தியம், வட்டி எல்லாம் நடக்க வேண்டும். வாடகை உயர்ந்தால் துணி வாங்குவது நிற்கும். வட்டி உயர்ந்தால் பிள்ளையின் படிப்பு நிற்கும். காய்ச்சலும் கூட வந்தால் அரிசியில் கை வைக்க வேண்டி வரும். கடைசியில் ஒரு சின்னச் செலவு வந்து குடும்பம் கவிழ்ந்துபோனால், அந்தச் சின்னச் செலவினாலேயே கவிழ்ந்தது என்று எவனாவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? மீனின் கதையும் இதுவேதான். அதற்கு வருகின்ற சக்தி ஆகாரத்திலிருந்து வருகின்றது. மூச்சு விட, இருதயம் அடிக்க, உடம்பின் உப்பைக் காப்பாற்ற என்று நிறுத்த முடியாத செலவுகள் உண்டு. நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் சதா புகுந்துகொண்டும், உப்பு சதா வெளியே கசிந்துகொண்டும் இருக்கின்றபடியால், செவுள்கள் இரவு பகல் ஓயாமல் உப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இது வாடகை மாதிரி. தூங்கினாலும் கொடுத்தாக வேண்டியது. இதற்குமேல் நீந்துவதற்கு, தின்றதைச் செரிப்பதற்கு, நோயை எதிர்ப்பதற்குச் செலவு. இவ்வளவும் போக மிஞ்சினால்தான் வளர்ச்சியும் முட்டையும்.

மீனுக்குக் கூலிக்காரருக்கு இல்லாத இன்னொரு கஷ்டமும் உண்டு. குதிரில் நெல் நிறைய இருக்கலாம். ஆனால் வீட்டில் உலக்கை ஒன்றே ஒன்றுதான் என்றால், ஒரு நாளைக்கு எவ்வளவு குத்த முடியுமோ அவ்வளவுதான் சோறு. மீனுக்கு அந்த உலக்கை பிராணவாயு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் பிராணவாயு இருக்கின்றது. 30 டிகிரி சூடுள்ள ஒரு லிட்டர் குளத்துத் தண்ணீரில், நன்றாகக் கரைந்திருந்தாலும், 6 மில்லிலிட்டர் கூட இல்லை. தண்ணீர் சூடாக ஆக இது இன்னும் குறைகின்றது. ஆனால் சூடு 10 டிகிரி ஏறினால் மீனின் உடம்பு கேட்கும் பிராணவாயு ஏறக்குறைய இரட்டிப்பாகின்றது. வரும்படி குறையும் மாதத்திலேயே வாடகையை இரட்டிப்பாக்கும் வீட்டுக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை முதன்முதலில் கணக்காகப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் கனடா தேசத்து டொராண்டோ சர்வகலாசாலையில் இருந்த பிரை என்பவர். அவர் 1947-இல் எழுதிய நூலில், மீன் சும்மா இருக்கும்போது செலவாகும் பிராணவாயுவையும், முழுமூச்சாய்ப் பாடுபடும்போது செலவாக்கக்கூடிய பிராணவாயுவையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த மீனுக்குக் கையில் உள்ள மீதி என்று வைத்தார். சூடு, விஷம், உப்பு, மூச்சுமுட்டல் ஆகிய எதுவும், ஒன்று கீழ்க்கணக்கை ஏற்றியோ அல்லது மேற்கணக்கை இறக்கியோ, அந்த மீதியைத்தான் தின்கின்றது. பிறகு அதே தேசத்தில், நனைமோ என்ற ஊரில் இருந்த பிரெட் என்பவர் 1960-களில் ஒரு குழாய்க்குள் தண்ணீரை வேகமாக ஓடவிட்டு, அதற்கு எதிராக மீனை நீந்தச் செய்து, எந்தச் சூட்டில் எவ்வளவு பிராணவாயு செலவாகின்றது என்று அளந்தார். அவர் எடுத்துக்கொண்டது சாக்கை என்னும் ஒரு ஜாதி சால்மன். (ஜாதி என்று சொன்னது வகையைத்தான். மீன்களுக்குள் தொட்டால் தீட்டு இல்லை.) அந்த மீனுக்கு 15 டிகிரியில் மீதி அதிகம் என்று கண்டார்.

நிற்க, அவரும் அவரது கூட்டாளிகளும் 1969-இல் வெளியிட்ட ஒரு பரீட்சைதான் நமக்கு மிகவும் உபயோகமானது. சாக்கைக் குஞ்சுகளுக்கு வயிறு நிறையப் போட்டபோது அவைகள் 15 டிகிரியில் நன்றாக வளர்ந்தன. ஆகாரத்தைக் குறைக்கக் குறைக்க, நன்றாக வளரும் சூடும் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. உடம்பின் எடையில் நூற்றுக்கு 1½ பங்கு மட்டும் தினம் போட்டபோது 5 டிகிரிக் குளிரில்தான் நன்றாக வளர்ந்தன. அதாவது, ‘இந்த மீன் எவ்வளவு சூடு தாங்கும்?’ என்ற கேள்விக்கு, ‘அது என்ன சாப்பிட்டது?’ என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. சூடு மட்டும் வந்தால் தாங்கும். பசி மட்டும் வந்தால் தாங்கும். இரண்டும் கூடி வந்தால் கணக்கே வேறு.

நமது குளத்தில் ஆயிரம் சங்கதிகள் கலந்துகிடப்பதால் இந்தக் கணக்குச் சுலபத்தில் கண்ணுக்குத் தெரியாது. நன்றாகத் தெரிகின்ற இடம் அந்தக் கனடா தேசத்துப் பிரேசர் ஆறு. சாக்கை மீன் ஆற்றில் பிறந்து, கடலில் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் பிறந்த இடத்துக்கே ஆற்றை எதிர்த்து ஏறி வருகின்றது. ஆற்றுக்குள் நுழைந்தபின் அது ஆகாரமே சாப்பிடுவதில்லை, குடலும் சுருங்கிப்போகின்றது. ஆகவே கடலில் சேர்த்த கொழுப்பும் சதையும்தான் அதன் மொத்தச் சொத்து. அதற்குமேல் ஒரு காசு வரும்படி கிடையாது. அந்தச் சொத்தைக் கொண்டு, சில்கோ ஏரிக்குப் போகிறவை சுமார் 650 கிலோமீட்டர் எதிர்நீச்சலாகவும், 1,000 மீட்டருக்கு மேல் உயரமாகவும் ஏற வேண்டும். ஏறும்போதே வயிற்றில் முட்டையை முதிர வைக்க வேண்டும். போன இடத்தில் குழி பறித்து முட்டையிட்டுவிட்டுச் சாக வேண்டும். ஒவ்வோர் இடத்து மீனும் தன் வழியின் கஷ்டத்துக்குத் தக்கபடி அமைந்திருக்கின்றது என்றும், சில்கோ மீனுக்கு இருதயம் பெரிது என்றும் 2011-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

வழியில் ‘நரகவாசல்’ என்ற பெயருடைய ஒரு மலையிடுக்கு இருக்கின்றது. 1913-இலும் 1914-இலும் ரயில் பாதைக்காக மலையை உடைத்துத் தள்ளிய பாறைகள் அந்த இடுக்கில் விழுந்து, தண்ணீரின் வேகம் மீன் ஏற முடியாத அளவுக்குப் போய்விட்டது. மீன்கள் அங்கேயே மோதி மோதி, சொத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, முட்டையோடு செத்தன. நம் நாட்டில் சொர்க்கவாசலை வருஷத்துக்கு ஒரு நாள் திறக்கின்றார்கள். அந்த நரகவாசலில் மீனுக்கு ஒழுங்கான படிவழி கட்ட 1945, 1946 வரையில் ஆயிற்று.

இப்பொழுது அந்த ஆற்றுக்கு வேறு சங்கடம் வந்திருக்கின்றது. 1950-களில் இருந்ததைவிட அதன் கோடைத் தண்ணீர் சுமார் 1½ முதல் 2 டிகிரி வரை அதிகச் சூடாகிவிட்டது. இரண்டு டிகிரி என்ன பெரிது என்று கேட்கலாம். சூட்டினால் சும்மா இருக்கும் செலவு ஏறுகின்றது. இருதயம் ஓர் எல்லைக்குமேல் இரத்தத்தை அனுப்ப மாட்டாமல் திணறுகின்றது. மூத்திரக்காயில் குடியேறும் ஒரு கிருமி சூட்டில் சீக்கிரம் பெருகுகின்றது. வலையில் சிக்கித் தப்பித்த மீனாக இருந்தால், அந்தக் காயத்தை ஆற்றவும் அதே சொத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்த இடத்தில் ஆண் மீனைவிடப் பெண் மீன் அதிகமாய்ச் சாகின்றது என்று திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றார்கள். முட்டைக்காக அது ஏற்கெனவே கொடுத்துவிட்ட பங்கு பெரிது. தாய்மார்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

2004-இல் கோடைச் சூடு மிகுந்து, லட்சக்கணக்கான மீன்கள் வழியிலேயே காணாமற்போயின. உடனே அங்கேயும் என்ன நடந்தது தெரியுமா? திருட்டு வலை போட்டார்கள் என்றும், இல்லை, சூடுதான் காரணம் என்றும் சண்டை கிளம்பி, பார்லிமெண்டுக் கமிட்டி வரையில் போயிற்று. அம்மனை இழுக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

சரி, நமது குளத்துக்கு வருவோம். சித்திரை வைகாசியில் தண்ணீர் வற்றிக் கால்பங்காகின்றது. மீன் குறைவதில்லை, ஆகவே நெருக்கடி. தண்ணீர் பச்சைப்பாசி படிந்து பச்சையாகின்றது. அதில் சாக்கடை, சோப்பு, மாட்டுச் சாணம். பகலில் வெயில் அடிக்கும்போது பாசி பிராணவாயுவை வெளியிடுகின்றபடியால் மூச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே பாசி கரிவாயுவை இழுத்துவிடுவதால் தண்ணீரில் காரம் ஏறி, மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அந்தக் காரத்திலும் சூட்டிலும் அதிக விஷமாக மாறுகின்றது. பொழுது சாய்ந்தால் அம்மோனியாவின் கடுமை தணியும். ஆனால் பாசியும் மூச்சுவிட ஆரம்பித்து, பிராணவாயு இறங்கிக்கொண்டே போய் விடியற்காலையில் அடிமட்டத்துக்கு வரும். ஆக, பகலில் ஒரு கடன்காரன், இரவில் ஒரு கடன்காரன். மீனுக்கு ஓய்வென்பதே இல்லை.

இந்த நிலையில் அது என்ன செய்கின்றது? முதலில் வளர்வதை நிறுத்துகின்றது. பிறகு முட்டையில் கை வைக்கின்றது. சில மீன்கள் உண்டாகிக்கொண்டிருந்த முட்டையை உடம்புக்குள்ளேயே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதிலும் எல்லா மீனும் ஒரே மாதிரியல்ல. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை நேர்மாறாக, நெருக்கடி வந்தால் வளர்ச்சியை மட்டும் விட்டுவிட்டு, விரல் நீளத்திலேயே குஞ்சு பொரிக்க ஆரம்பித்துவிடும். விராலும் தேளியும் பனையேறியும் மேலே வந்து காற்றையே குடிக்கும். ஆனால் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் கொக்குக்கும் மீன்கொத்திக்கும் தலையைக் காட்ட வேண்டும். கட்லா, ரோகு போன்றவைகளுக்கு இந்த வழி கிடையாது. அவைகளின் உடம்பில் நெருக்கடிக் காலத்துச் சுரப்பு ஒன்று, கார்ட்டிசால் என்பது, சேமிப்பை எடுத்துச் செலவழிக்க உத்தரவு போடுகின்றது. ஒரு நாள் இரண்டு நாளானால் அது நன்மை. வாரக்கணக்கில் நீடித்தால் நோயை எதிர்க்கும் வலுவே குறைந்து, புண்ணும் பூஞ்சையும் பிடிக்கின்றன. பார்க்கிறவர்கள், மீனுக்கு வியாதி வந்து செத்தது என்று சொல்லிவிடுவார்கள்.

கஷ்டங்கள் எல்லாம் எப்பொழுதும் கூட்டல் கணக்காகவே இருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. கொஞ்சம் சூடு பழகிய மீன் பிறகு அதிகச் சூட்டைத் தாங்குவதும் உண்டு. சில சமயம் ஒன்றும் ஒன்றும் ஒன்றரை. சில சமயம் ஒன்றும் ஒன்றும் மூன்று. அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி, பொரி போடுகிற புண்ணியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டால் பாவம் தீரும் என்று பை பையாகக் கொட்டுகின்றார்கள். மூச்சுத் திணறும் மீன் ஆகாரத்தைத் தொடாது. தொட்டாலும் தொல்லை, செரிப்பதற்கே மேலும் பிராணவாயு வேண்டும். மீந்துபோன பொரி அழுகும். ஒரு கிலோ பொரி முழுவதும் அழுகித் தீர்வதற்கு, கணக்குப் போட்டால், ஒரு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரில் நிறையக் கரைந்திருக்கும் பிராணவாயு அத்தனையும் வேண்டும். காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும் என்பது உண்மையே. ஆனால் அசையாத குளத்தில், இரவில், அது வந்து சேருவதற்குள் விடிந்துவிடும். திருவிழாவை நிறுத்தினதால் மீன் செத்தது என்கிறார்கள்; திருவிழா நடந்த மறுநாள் செத்தால் என்ன சொல்லுவார்கள் என்று நாம் கேட்கின்றோம்.

விஷமே கிடையாதா என்று கேட்டால், உண்டு. பூச்சிமருந்து வயலிலிருந்து வழிந்து வருவதும், ஆலைக் கழிவு இரவில் திறந்துவிடப்படுவதும் நடக்கின்ற காரியங்கள்தான். கொல்லாத அளவு விஷமும் மீனுக்கு ஒரு செலவே. அதை உடைத்து வெளியேற்றக் கல்லீரல் பாடுபட வேண்டும். ஆகவே ஆலைக்காரர், ‘எங்கள் கழிவு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கின்றது’ என்று சொன்னால், எந்தத் தண்ணீரில், எந்த மாதத்தில், வேறு எதனோடு சேர்ந்து என்று கேளுங்கள். குளிர்ந்த சுத்தத் தண்ணீரில் ஒரு மீன் தாங்கியதை, வைகாசிக் குட்டையில் தாங்கும் என்று எவரும் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தன் பங்கு சின்னது என்பார். மீன் எல்லோருடைய பங்கையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும்.

ஆனால் விஷத்தையும் மூச்சுமுட்டலையும் பிரித்தறிய வழிகள் உண்டு. மூச்சுமுட்டல் என்றால் சாவு பெரும்பாலும் விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில், வாய் பிளந்திருக்கும், விரால் பிழைத்திருக்கும். முந்தின நாள் மூட்டமாக இருந்திருக்கும். அல்லது கோடை மழை திடீரென்று பெய்து அடிச்சேற்றைக் கலக்கியிருக்கும். (இதைத்தான் இடி விழுந்து மீன் செத்தது என்கிறார்கள்.) கடும் விஷமென்றால் நேரமில்லை, காலமில்லை, சிறுமீனும் விராலும் சேர்ந்தே போகும், பல சமயம் தவளையும் பூச்சியும் கூடப் போகும். இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பேசட்டும். தண்ணீரைச் சோதிக்கிறவர் பகல் பதினொரு மணிக்கு வந்து, பாசி நன்றாக வேலை செய்கிற நேரத்தில் மொண்டு பார்த்து, பிராணவாயு போதுமான அளவு இருக்கின்றது, ஆகவே விஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனால், அந்தக் காகிதத்தைக் கொண்டு ஒரு தெருவாரையே அடிக்கலாம். விடியுமுன் மொண்ட தண்ணீர்தான் சாட்சி.

செய்ய வேண்டிய காரியங்கள் பெரியவையல்ல. தண்ணீர் வற்றுவதற்கு முன்பே மீனில் ஒரு பகுதியைப் பிடித்து நெருக்கத்தைக் குறைக்கலாம். மூட்டமான நாட்களில் தீனி போடக்கூடாது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால், இரவிலேயே பம்பை ஓட்டி, குளத்துத் தண்ணீரையே உயரத்திலிருந்து திரும்பக் குளத்தில் கொட்ட வேண்டும். உடனே ஓடிப்போய்ச் சுண்ணாம்பு கொட்டும் வழக்கம் இருக்கின்றது. அம்மோனியா மிகுந்த தண்ணீரில் சுண்ணாம்பு காரத்தை ஏற்றி, இருக்கிற விஷத்தை மேலும் கடுமையாக்கிவிடும். பொரியைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

இந்த மேஜைமேல் ஒரு உஷ்ணமானியும், பிராணவாயுவை நிறம் காட்டிச் சோதிக்கும் புட்டியும் வைத்திருக்கின்றோம். நாளை விடியற்காலை நாலரை மணிக்கு நாம் கீழக்கரைப் படித்துறையில் இருப்போம். பகல் மூன்று மணிக்கு மறுபடியும் போவோம். இரண்டு நேரத்துத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். மீன் பாட்டம் எடுத்திருக்கும் தோழரும், தெப்பக்குளத்துத் தர்மகர்த்தாவும் கட்டாயம் வர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். இப்பொழுது கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம்.